அந்த ஐந்து நாளைத் தந்துவிடுங்கள்: ரொறன்ரோவின் தமிழ் வீட்டு முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான முகவர் அண்ணைமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

உங்களில் கனபேரை எனக்குத் தெரியும். ஆளாகத் தெரியாவிட்டாலும் முகமாகத் தெரியும். பஸ் தரிப்பிடத்து வாங்கில், தமிழ்க் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகையின் பின்னட்டை, அரங்கேற்ற மலரின் நடுப்பக்கம் என்று எங்கே திரும்பினாலும் கோட்டுப் போட்டுக் கைகட்டி நிற்கிறீர்கள். எங்கள் குசினிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் இராகு காலத்துக்கு நேர் மேலே சிரித்துக்கொண்டிருப்பதும் உங்களில் ஒருவர்தான். ஆகவே யாரோ வேற்றாளுக்கு எழுதுவதாக நினைத்து இதை எழுதவில்லை. குடும்பத்துக்குள் கதைக்கிற கதைதான், கொஞ்சம் சத்தமாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

விசயம் இதுதான். எங்கள் சனத்துக்கு வீடு எடுத்துக் கொடுக்கும்போது "இன்ஸ்பெக்சன் கண்டிசனை எடுத்துவிடுவம்" என்று சொல்வதை நிறுத்துங்கள்.

ரொறன்ரோவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்கே ஒரு வீட்டுக்கு ஒஃபர் எழுதும்போது, "நான் ஒரு வீட்டுப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டுவேன், அவர் சொல்வது எனக்குத் திருப்தி இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, என் முற்பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போடலாம். வழக்கமாக ஐந்து வேலைநாள் கேட்பார்கள். பரிசோதகர் வந்து கூரையிலிருந்து பேஸ்மென்ட் வரைக்கும் மூன்று மணித்தியாலம் பார்ப்பார், ஐந்நூறு அறுநூறு டொலர் வாங்குவார், படங்களோடு அறிக்கை தருவார். அவ்வளவுதான். ஒரு மில்லியன் டொலர் வீட்டுக்கு ரொறன்ரோவில் மாகாணத்துக்கும் நகரசபைக்குமாக இரண்டு தரம் கட்டுகிற காணி மாற்று வரி மட்டும் 32,950 டொலர். உங்கள் பங்கு 2.5 வீதம் என்றால் 25,000. இவ்வளவையும் கட்டுகிற ஆளிடம் அந்த ஐந்நூறை மட்டும் மிச்சம் பிடிக்கச் சொல்கிறீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2022 பெப்ரவரி. அந்த மாதத்தை உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வீட்டின் சராசரி விலை 1.33 மில்லியன் டொலருக்கு ஏறி உச்சியில் நின்ற மாதம். ஸ்காபரோவில் 1968இல் கட்டிய ஒரு தனித்தட்டு வீடு. பார்க்க அரை மணித்தியாலம் தந்தார்கள், வெளியே அடுத்த குடும்பம் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. முற்றம் முழுக்க முழங்கால் அளவு பனி. பேஸ்மென்ட் சுவருக்குப் புதுப் பெயின்ட், ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு வாசனைக் குப்பி. ரீவி ஒரு சுவரில் இருக்க, சோபா அதைப் பார்க்காமல் வடக்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இதை ஏன் இங்கே போட்டிருக்கிறார்கள் என்று என் மனைவி கேட்டா. எங்கள் முகவர் சிரித்தார். "அக்கா, அது ஸ்ரேஜிங், விக்கிறதுக்காக வீட்டை அலங்கரிக்கிறது. இப்ப எல்லாரும் இப்பிடித்தான்" என்றார். சரி, இப்போது எல்லாரும் இப்படித்தான் என்று நாங்களும் மேலே ஏறி வந்துவிட்டோம்.

வந்த ஒஃபர் எல்லாவற்றையும் விற்கிறவர் ஒன்றாகப் பார்க்கிற அந்த ஒஃபர் இரவில் பதினாலு ஒஃபர். பத்தரைக்குப் போன் வந்தது. "அண்ணை, கண்டிசனோட போனா எங்கட பேப்பரை எடுத்தும் பாக்க மாட்டாங்கள். நான் பாத்தனான், வீடு நல்ல ஸ்ரோங். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்." அப்படியே செய்தோம். பதினொரு மணிக்கு மின்னஞ்சலில் ஒப்பந்தம் வந்தது, கையெழுத்துக்காக மஞ்சள் அடையாளம் மினுங்குகிற இடமெல்லாம் போனில் விரலால் தட்டிக்கொண்டே போனேன், கடைசிப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஏதோ வாழ்த்து வந்தது. எதை வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

விற்றவர்களுக்கு அவசரம், ஐந்து கிழமையில் திறப்பு கைக்கு வந்துவிட்டது. பால் காய்ச்சினோம். மார்ச் கடைசியில் பனி கரையத் தொடங்க, சோபா கிடந்த அந்த வடக்குச் சுவரில் புதுப் பெயின்ட் கொப்புளம் போட்டது. முதலில் ஒரு உள்ளங்கை அளவு. விரலால் அழுத்தினேன், தோல் உரிந்த மாதிரி வந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டாம் நாள் கார்ப்பெட் சளசளத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயதான இத்தாலியக்காரரிடம் சொல்ல, அவர் சாதாரணமாக, "ஓ, அவர்களும் ஒவ்வொரு வசந்தத்துக்கும் பம்பு போட்டு இறைப்பார்களே" என்றார். ஊரில் மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்த பரம்பரை நாங்கள். இங்கே வந்து பேஸ்மென்டுக்கு இறைத்தோம்.

அதோடு முடியவில்லை. காப்புறுதிக்காரர்கள் வீட்டின் வயதைப் பார்த்துவிட்டு வயரிங் பற்றிக் கேட்டார்கள். ஒரு பிளக்கின் மூடியைக் கழற்றினால் செம்புக்குப் பதிலாக வெள்ளிக் கம்பி. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை, செம்பு விலை ஏறியதால் இங்கே நிறைய வீடுகளுக்கு அலுமினியக் கம்பிதான் ஓடியிருக்கிறது. கம்பியில் பிழை இல்லை, பொருத்துகிற இடத்தில்தான் பிழை: சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, நாளடைவில் இளகி, அந்த முனையில் சூடு பிடிக்கும். ஒவ்வொரு முனையிலும் செம்புத் துண்டு வைத்துத் தகுந்த இணைப்பி போட்டு, மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க அறுபது நாள் தவணை தந்தார்கள். கோடையில் கூரைக்கு வந்த ஆள், கூரைக்குக் கீழே இருக்கும் மச்சுக்குள் தலையை விட்டுவிட்டு உடனே வெளியே எடுத்தார். குளியலறை விசிறியின் குழாயை வெளியே விடாமல் மச்சுக்குள்ளேயே முடித்திருக்கிறார்கள். எத்தனையோ வருசத்து ஆவி அங்கே போய்ப் படிந்து, கூரைப் பலகை அடிப்பக்கம் முழுக்கக் கரும்பூஞ்சணம். அப்புறம் 2024 யூலை 16, பெருமழையில் டொன் வலிப் பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் தண்ணீருக்குள் நின்ற அந்த நாள், எங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் சுவரால் வரவில்லை, சுவரைத்தான் திருத்திவிட்டோமே. நிலத்துத் துவாரத்தால் வந்தது. கமராவை விட்டுப் பார்த்தால், தெருவுக்குப் போகிற பழைய களிமண் குழாய்க்குள் முற்றத்து மேப்பிளின் வேர் தலைமயிர் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சுவருக்கு 18,500. வயரிங் 4,600. மச்சு 6,200. குழாய் 11,000. கூட்டினால் 40,300 டொலர். இந்த நாலில் மூன்றை ஒரு பரிசோதகர் அன்றைக்கே சொல்லியிருப்பார், நாலாவதைக் கமரா சொல்லியிருக்கும். சொல்லியிருந்தாலும் ஒருவேளை நாங்கள் அந்த வீட்டை எடுத்திருப்போம், ஆனால் தெரிந்து எடுத்திருப்போம், அதற்கேற்ற விலைக்கு எழுதியிருப்போம்.

வழக்கறிஞரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: கண்ணுக்குத் தெரியக்கூடிய குறையை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஒன்ராறியோவின் சட்டம். மறைந்திருந்த குறை என்றால், அது ஆபத்தானது அல்லது குடியிருக்க முடியாததாக்குவது என்றும், விற்றவருக்கு அது முன்பே தெரியும் என்றும் நாங்கள் நிரூபிக்க வேண்டும். "அந்த இத்தாலியக்காரர் வந்து சாட்சி சொல்லுவாரோ?" என்று கேட்டார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து 13ஆவது பந்தியைக் காட்டினார். உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள் தினமும் அனுப்புகிற அந்தப் படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது: பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று இந்த ஒப்பந்தத்தில் கேட்க எனக்குச் சந்தர்ப்பம் இருந்ததை வாங்குபவராகிய நான் ஏற்றுக்கொள்கிறேன், இதில் வேறாக எழுதியிருந்தாலொழிய நான் பரிசோதனை எதுவும் செய்யப் போவதில்லை என்றும் உடன்படுகிறேன். "இதில இருக்கிறது உங்கட இனிசல்தானே?" என்றார். என் இனிசல்தான். இரவு 11.07க்கு.

அந்தப் பந்தியை எங்கள் முகவர் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. உங்களில் எத்தனை பேர் வாசித்துக் காட்டுகிறீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன். ஒரு தரம் தமிழில், மெதுவாக, "அண்ணை, இதுக்கு அர்த்தம் இது" என்று சொல்ல இரண்டு நிமிசம் போதும்.

இனி என் பக்கத்துப் பிழை. அதையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இராது. நாங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. வாசல் எந்தத் திசை என்று பார்த்தோம். வீட்டு இலக்கத்தைக் கூட்டி எட்டு வருகிறதா என்று பார்த்தோம். தெருக்குத்து இருக்கிறதா என்று என் மாமா கூகுள் வரைபடத்தில் மேலிருந்து பார்த்துச் சொன்னார். பெரியப்பா வந்து குசினித் தண்ணீரைத் திறந்துவிட்டு "தண்ணி வாற போஸ் நல்லா இருக்கு" என்றார். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸுக்கு எத்தனை வயது என்று ஒருவரும் கேட்கவில்லை. மச்சுக்கு ஒரு மூடி இருக்கிறது என்பதே கூரைக்காரர் திறந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவது எங்களுக்குப் புதிய பழக்கம் இல்லை. ஊரில் அத்திவாரம் வெட்ட முதல் நிலையம் எடுக்க ஆள் கூப்பிடாமல் யார் வீடு கட்டினார்கள்? கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா உவரா என்று வாயில் விட்டுப் பார்க்காமல் யார் காணி வாங்கினார்கள்? என் அப்பப்பா ஒரு பழைய வீட்டை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. எனக்கு ஏழு எட்டு வயது. தச்சுவேலை தெரிந்த ஒருவரை முன்னுக்கு விட்டிருந்தார். அந்த ஆள் ஏணி வைத்து ஏறி, பனஞ்சிலாகை ஒவ்வொன்றையும் கத்திப் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக் என்று போய் ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அவர் கத்தியை மறுபக்கம் திருப்பிக் குத்தினார், மாவாகக் கொட்டியது. அப்பப்பா ஒன்றும் பேசவில்லை, விற்கிறவரைப் பார்த்தார், விற்கிறவர் நிலத்தைப் பார்த்தார். விலை அந்த முற்றத்திலேயே இறங்கியது. தரகரும் அங்கேதான் நின்றார், அவர் ஒன்றும் செத்துப்போகவில்லை, அவருடைய காசும் வந்தது. ஏணியும் கத்திப்பிடியும் இங்கே ஈரம் பார்க்கும் கருவியும் ரோர்ச்சுமாக மாறியிருக்கின்றன, வேறொன்றும் இல்லை. அந்த ஆளை ஏன் இங்கே வேண்டாம் என்கிறீர்கள்?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "அண்ணை, அந்த நேரம் மார்க்கெட் அப்பிடி." உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். 2021இலும் 2022 தொடக்கத்திலும் நிபந்தனையோடு போன ஒஃபர் குப்பைக்குத்தான் போனது. மூன்று வீடு தோற்று, மனைவி பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவருகிற ஆளுக்கு நீங்கள் வேறு என்னத்தைச் சொல்வது? அப்போதுகூட ஒரு வழி இருந்தது, ஒஃபர் போட முதலே ஒரு பரிசோதகரைக் கூட்டிப்போய்க் காட்டலாம், சில முகவர்கள் செய்தும் இருக்கிறார்கள். வீடு கிடைக்காவிட்டால் அந்த ஐந்நூறு போகும், அது வலிக்கும், ஆனால் நாற்பதாயிரம் மாதிரி வலிக்காது.

சரி, அது அப்போது. 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 யூலையில் 5 வீதத்துக்குப் போய், சந்தை படுத்த பிறகும் ஏன் அதே பாட்டு? ஒஃபர் இரவு வைத்து ஒருவரும் வராமல், அடுத்த நாள் விலையை மாற்றித் திரும்பப் போடுகிற வீடுகளை நீங்கள்தானே எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள்? என் சித்தியின் மகனுக்கு ஒரு முகவர் சொன்னது: "கண்டிசன் போட்டா செல்லர் கோவிப்பார் தம்பி." அந்த வீடு சந்தையில் 47 நாள் கிடந்தது. நாற்பத்தேழு நாளாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத வீட்டுக்காரர் கோவிப்பாராம்! கோவிக்கட்டும், கோவித்துவிட்டு எங்கே போகப் போகிறார்?

நல்லகாலம், தம்பி என் கதையை அறிந்தவன், விடவில்லை. ஏஜக்ஸில் 2001இல் கட்டிய வரிசை வீடு அது, அடுத்த வேறொரு வீடு அல்ல, அதே 47 நாள் வீடுதான். ஐந்து நாள் கேட்டான், தந்தார்கள். கோவிக்கவும் இல்லை. நானும் போய் நின்றேன். பரிசோதகர் ஒரு நடுவயதுப் பெண், முன்பு கட்டட வேலையில் இருந்தவவாம். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை. வெளியே சுற்றி வந்தா, மண் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே கொட்டுகிறது என்று பார்த்தா. "தண்ணீர் வீட்டைவிட்டு ஓட வேண்டும், வீட்டைத் தேடி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்தா. உள்ளே வந்து மேல்மாடியில் எல்லாக் குழாயையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே ஓடிவந்து நிலத்துத் துவாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தா. ரோர்ச் வெளிச்சத்தைச் சுவருக்கு நேரே அடிக்காமல் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தா. நேரே பார்க்கும்போது தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழும்பி நின்றன. மின்சாரப் பெட்டியின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தா. பிறகு சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு, செம்மஞ்சள் குழாயையும் நீலக் குழாயையும் காட்டினா.

கிற்றெக். உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். 1995 முதல் 2007 வரை விற்ற குழாய், இணைப்புகள் அரித்து வெடிக்கும் என்று வழக்கு நடந்து, 125 மில்லியன் அமெரிக்க டொலரில் இணக்கத்துக்கு வந்து, அந்தக் காசுக்கு விண்ணப்பிக்கிற காலமும் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதாவது இப்போது அந்த வீட்டை வாங்குகிறவர் தன் கைக்காசில்தான் குழாய் மாற்ற வேண்டும். விற்கிறவரின் முகவரோடு தம்பியின் முகவர் பேசினார், 9,000 டொலர் விலையில் குறைத்தார்கள், ஒப்பந்தம் நின்றது. முகவருக்குக் கொமிசனும் வந்தது. இப்போது அவரே மற்ற ஆட்களுக்கு இந்தக் கதையைத் தன் கெட்டித்தனமாகச் சொல்கிறாராம். சொல்லட்டும், எனக்குச் சந்தோசம்.

உங்களுக்குள் ஒரு சொல் இருக்கிறது, "டீல் கில்லர்". கொஞ்சம் கூடத் தோண்டிப் பார்க்கிற பரிசோதகருக்கு நீங்கள் வைத்த பட்டம். அதனால்தான் "என்ர ஆள் ஒருத்தர் இருக்கிறார், நான் அனுப்பிறன்" என்கிறீர்கள். அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த கிழமை வேலையும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று தெரிந்த ஒருவர், உங்கள் ஒப்பந்தத்தை உடைக்கிற ஒரு விசயத்தைக் கண்டால் அதை எவ்வளவு சத்தமாகச் சொல்வார்? மூன்று பெயர் கொடுங்கள், அதில் ஒன்றையாவது வாங்குகிறவர் தானாகத் தேடிப் பிடிக்கட்டும். இதே மாதிரித்தான் விற்கிறவர் முன்கூட்டியே எடுத்து மேசையில் வைத்திருக்கும் அறிக்கையும். வாசிக்கலாம், தவறில்லை, காசு கட்டியது யார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்களுக்கு நன்றாகத் தெரியும், எங்கள் சனத்துக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகராக ஒரு உரிமமும் தேவையில்லை. 2017இல் மாகாண சட்டமன்றம் வீட்டுப் பரிசோதனைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது, நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இலிருந்து உரிமம் இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது, அல்பேர்ட்டாவில் 2011இலிருந்து. இங்கே இன்று கார்ட் அடித்தால் நாளை பரிசோதகர். ஆகவே அவர் ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்தின் பதிவுப் பட்டம் உள்ளவரா, தொழில் தவறுக்கான காப்புறுதி வைத்திருக்கிறாரா, கூரையில் ஏறுவாரா அல்லது நிலத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாரா, பழைய அறிக்கை ஒன்றைக் காட்டுவாரா என்று கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரி 3இலிருந்து, நிபந்தனை இல்லாமல் வாங்கினாலும் மூன்று வேலைநாளுக்குள் விலையில் 0.25 வீதத்தைக் கட்டிவிட்டு விலகலாம் என்று சட்டமே இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் எழுதிக் கேட்டால்தான் அந்த ஐந்து நாள், எழுதுகிற பேனா உங்கள் கையில்.

பரிசோதனை என்றால் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. அவர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். பனிக்காலத்தில் கூரையும் முற்றமும் வெள்ளைப் போர்வைக்குள் இருக்கும், குளிரில் ஏசியைப் போட்டுப் பார்க்க முடியாது, எதைப் பார்க்க முடியவில்லை என்று அறிக்கையில் எழுதியிருப்பார், அந்தப் பகுதியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். அவர் எதையாவது தவறவிட்டால் அவரிடமிருந்து திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அவருக்குக் கட்டின காசளவுதான், ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். பழைய ஸ்காபரோ வீடு, முன்னுக்குப் பெரிய மரம் என்றால் கழிவுக் குழாய்க்குக் கமரா விடுவது தனிச் செலவு, அதையும் செய்யச் சொல்லுங்கள். வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளரும் பரிசோதகரும் ஒன்றல்ல என்பதையும் சொல்லுங்கள். "பாங்க்காரன் பார்த்துத்தானே காசு தந்தவன்" என்று நம்பியிருக்கும் மனிதர்கள் என் குடும்பத்திலேயே மூன்று பேர். வங்கி பார்ப்பது தன் கடனுக்கு வீடு பெறுமா என்பதை மட்டும். புது வீட்டுக்கும் இது பொருந்தும், ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கு உத்தரவாதம் தருகிற ராரியன் அமைப்பின் உத்தரவாதம் முதலாம் வருசம், இரண்டாம் வருசம், ஏழாம் வருசம் என்று படிப்படியாகக் குறைந்துகொண்டு போவது, குறையை நேரத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் வேலைக்காகும்.

பேஸ்மென்ட் பற்றி ஒரு சொல். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் பேஸ்மென்ட் வாடகையை நம்பித்தான் மோட்கேஜ் கணக்கே போடுகிறார்கள், அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதும் நீங்கள்தான். "ரெண்டாயிரம் வரும் அண்ணை." அந்த இரண்டாயிரத்துக்குள் ஒரு ஆள், அனேகமாக ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை, இரவு படுத்து எழும்பப் போகிறது. தீப் பிடித்தால் அந்தப் பிள்ளை வெளியே வர யன்னல் பெரிதாக இருக்கிறதா, புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்கிறதா, ஃபேர்னஸ் அறையின் கதவு என்ன கதவு, மேலே போகிற ஒரே படி குசினியூடாகத்தான் போகிறதா? இதெல்லாம் பரிசோதகர் பார்த்துச் சொல்லக்கூடியவை. சட்டப்படி பதிந்த இரண்டாவது குடியிருப்பா என்பதை நகரசபையில் விசாரிக்க வேண்டும், அது நீங்கள் ஒரு போனில் செய்கிற வேலை.

விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே முகவராக நிற்பவர்களுக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. எழுத்தில் சம்மதம் வாங்கினால் சட்டம் அதை விடுகிறது, 2023 டிசம்பர் 1இலிருந்து வந்த புதிய விதிகளின்படி முகவர்களை ஒழுங்குபடுத்தும் மாகாணச் சபையின் தகவல் வழிகாட்டியைக் கையில் கொடுத்து விளக்கவும் வேண்டும். விளக்குகிறீர்களா, இல்லை அதையும் மஞ்சள் அடையாளத்தோடு அனுப்புகிறீர்களா என்பது உங்களுக்குத் தெரியும்.

இதை வாசித்துவிட்டு உங்களில் சிலர் "இவன் யார் எங்களுக்குத் தொழில் படிப்பிக்க" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் உங்கள் வாடிக்கையாளன், அவ்வளவுதான். எங்களுக்கு வீடு எடுத்துத் தந்த முகவரோடு எனக்கு இப்போதும் பகை இல்லை, போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்து மேசை, "வீடெல்லாம் எப்பிடி அண்ணை?" என்று கேட்டார், "காய்ஞ்சிருக்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

மற்றது, என் மருமகள் ஒருத்தி, அக்காவின் மகள், வருகிற கிழமை மார்க்கம் நகரில் ஒரு வீட்டுக்கு ஒஃபர் போடுகிறாள். முதல் வீடு. முகவர் உங்களில் ஒருவர்தான், யாரென்று இங்கே சொல்லவில்லை, வாசித்தால் அவருக்கே தெரியும். தம்பி, அவள் ஐந்து வேலைநாள் கேட்பாள். இரவு பத்தரைக்கு அவளுக்குப் போன் எடுத்து அதைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். ஏணியோடு வருகிற அந்த அம்மாவை நான் ஏற்கெனவே பிடித்து வைத்துவிட்டேன், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவா. நீங்களும் வாங்கோ, கோப்பி நான் வாங்கிக்கொண்டு வாறன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில், இப்போது காய்ந்திருக்கும் ஒரு பேஸ்மென்டிலிருந்து
உங்கள் பழைய வாடிக்கையாளன்